யாரை மனதில் வைத்து எழுதிய விதி? பெங்களூரு ஆபீஸ்களில் டைவர்சிட்டியும் இன்க்ளூஷனும்

பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கிற தமிழர்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது நீங்கள் இருந்தால் இந்த மாதிரி ஒரு செய்தியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: "ஜாவா, 4 டு 6 இயர்ஸ், லேடி கேண்டிடேட் யாராவது இருந்தா ரெஸ்யூம் அனுப்புங்க, அர்ஜென்ட்." அர்ஜென்ட் என்பதற்குக் காரணம் ரெஃபரல் போனஸ். சில நிறுவனங்களில் ஆணைப் பரிந்துரைத்தால் ஒரு தொகை, பெண்ணைப் பரிந்துரைத்தால் அதைவிடக் கூடுதல். வருடக் கணக்கு முடிகிற சமயத்தில் இந்தச் செய்திகள் இன்னும் அதிகமாகும், ஏனென்றால் இத்தனை சதவீதம் பெண்கள் என்று மேலே காட்டியாக வேண்டும். அப்படிச் சேர்கிற பெண்ணை ஆபீஸில் "டைவர்சிட்டி ஹயர்" என்கிறார்கள், சில சமயம் அவர் காதுபடவே. அந்தப் பேரோடு ஒரு டீமில் போய் உட்கார்ந்து, முதல் நாளே தன் மூளையை நிரூபிக்க வேண்டிய கட்டாயத்தில் வேலையை ஆரம்பிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூடுதல் போனஸ் தப்பு என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்கள் இருக்கிற டீம் பதினோராவது ஆளையும் தங்கள் காலேஜ் நண்பர்களில் இருந்துதான் கொண்டுவரும், அந்தப் பழக்கத்தை உடைக்கப் பணமும் ஒரு வழி. "தகுதி பார்க்காம பொண்ணுன்னு எடுக்கறாங்க" என்று முணுமுணுக்கிறவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள்: ரெஃபரல் என்பதே ஓர் இட ஒதுக்கீடுதான், உள்ளே ஏற்கெனவே ஆள் வைத்திருப்பவர்களுக்கான ஒதுக்கீடு. கோவையில் பேர்பெற்ற காலேஜில் படித்தவனுக்கு மான்யதா டெக் பார்க்கில் கட்டடத்துக்குக் கட்டடம் சீனியர்கள் இருப்பார்கள். தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து வந்தவளுக்கு ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். இரண்டு ரெஸ்யூமும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று நேராக மேனேஜர் மேஜைக்குப் போகும், இன்னொன்று போர்ட்டலில் ஆயிரத்தோடு ஆயிரமாகக் கிடக்கும். இதற்கு யாரும் தகுதி பேசுவதில்லை.

சரி, ஆளைச் சேர்த்தாயிற்று, அப்புறம்? டைவர்சிட்டி என்பது யார் யார் உள்ளே வந்தார்கள் என்கிற கணக்கு. இன்க்ளூஷன் என்பது உள்ளே வந்தவரால் அங்கே வேலை செய்யவும் மீட்டிங்கில் வாய் திறக்கவும் புகார் சொல்லவும் பதவி உயரவும் முடிகிறதா, நாலு வருஷம் கழித்தும் அவர் அங்கே இருக்கிறாரா என்பது. முதலாவதை எக்ஸெல்லில் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். இரண்டாவதைப் பார்க்க என்னைக் கேட்டால் ஒரு கேள்வி போதும்: இங்கே இருக்கிற விதியை எழுதினவர் யாரை மனதில் வைத்து எழுதினார்?

இந்தக் கேள்விக்கு இந்த ஊரிலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது, ஐடி கம்பெனிகளின் பிரசன்டேஷன் எதிலும் வராத உதாரணம். 2016 ஏப்ரலில் பெங்களூருவின் கார்மென்ட்ஸ் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து ஓசூர் ரோட்டையும் தும்கூர் ரோட்டையும் மறித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். காரணம் பிஎஃப். வேலையை விட்டால் பிஎஃப் பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை மாற்றி, முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்திருந்தது. காகிதத்தில் பார்த்தால் அதில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது, எல்லோருக்கும் ஒரே விதி, வயதான காலத்துக்குச் சேமிப்பு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல் மெஷின் முன்னால் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் துரத்த உட்கார்ந்திருக்கிறவள் 58 வயது வரை அந்த லைனில் இருக்கப்போவதில்லை. முதுகுவலி, பிள்ளைப்பேறு, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று நடுவில் வேலை விட்டுப்போகும், அப்படிப் போகும்போது கைக்கு வருகிற ஒரே மொத்தத் தொகை பிஎஃப். வட்டிக்கடன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு லீஸுக்கு அட்வான்ஸ் எல்லாம் அதை நம்பித்தான். ஒரே வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெறுகிற ஆணின் வாழ்க்கையை வைத்து எழுதின விதி அவள்மேல் வந்து விழுந்தது. ரோடு மறித்த இரண்டாம் நாளே அரசு அதைத் திரும்பப் பெற்றது. இன்க்ளூஷன் என்ற சொல்லை அந்தப் பெண்கள் யாரும் உச்சரிக்கவில்லை, ஆனால் அதைப் பற்றி இந்த ஊரில் நடந்த மிகப்பெரிய விவாதம் அதுதான் என்பேன்.

நல்லெண்ணத்தோடு எழுதின விதியும் திரும்பிக் கடிக்கும். 2005 டிசம்பரில் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய ஒரு பிபிஓ ஊழியர், கம்பெனி வண்டி ஓட்ட வந்தவன் என்று நம்பி ஏறிய வண்டியில் கடத்திக் கொல்லப்பட்டார். அதற்கப்புறம்தான் கேப் விஷயத்தில் கெடுபிடி வந்தது: இரவில் பெண்ணை முதலில் ஏற்றக் கூடாது, கடைசியாக இறக்கக் கூடாது, அப்படி நேர்ந்தால் கூடவே ஒரு காவலாளி வர வேண்டும். தேவையான விதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் காவலாளிக்கும் கூடுதல் வண்டிக்கும் ஆகும் செலவு டீமின் பட்ஜெட்டில் ஏறும்போது, "நைட் ஷிஃப்ட் புராஜெக்டா, பசங்களாவே போட்டுரலாம்" என்று ஒரு மேனேஜர் தனக்குள் முடிவு செய்வது சுலபம். அப்படி விடுபட்ட புராஜெக்ட்தான் அடுத்த புரமோஷனுக்குக் கேட்கப்படும் அனுபவம்.

மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, 12 வாரம் 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இஎஸ்ஐ என்ற அரசுக் காப்பீட்டின் சம்பள வரம்புக்குள் வராத ஊழியருக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் முழுக்க முதலாளியே கொடுக்க வேண்டும், அரசு ஒரு ரூபாய் தருவதில்லை. அதன் விளைவு சின்னக் கம்பெனிகளின் இன்டர்வியூ அறைகளில் தெரிகிறது. நேரடியாகக் கேட்கக் கூடாது என்பதால் சுற்றி வளைத்து, "ஹஸ்பெண்ட் எங்க ஒர்க் பண்றார், லாங் டெர்ம் பிளான் என்ன" என்று விசாரிப்பார்கள். இருபத்தெட்டு வயதில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். காப்பகமோ, நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏதோ ஒரு டேகேருடன் ஒரு டை-அப், அவ்வளவுதான். பெல்லந்தூர் டிராஃபிக்கில் நாலு கிலோமீட்டர் என்றால் என்னவென்று தெரியும், நாலு முறை எங்கே போவது, ஒரு முறை போய்வந்தாலே பாதி நாள் போச்சு. 2025இல் கர்நாடக அரசு மாதவிடாய் விடுப்பாக வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்லி, தனியாருக்கும் சேர்த்தே முடிவெடுத்தது. நல்ல முடிவு, ஆனால் இதன் செலவையும் முதலாளி தலையில் மட்டும் வைத்தால் அதே இன்டர்வியூ கேள்வி வேறு வடிவில் வரும் என்ற கவலை எனக்கு உண்டு.

இந்த டைவர்சிட்டி பேச்சு நமக்கு வந்த வழியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் நிறம், மதம், பால், பூர்வீகம் பார்த்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. அதிலிருந்து கிளம்பி, தொண்ணூறுகளில் நிர்வாகவியல் பாடமாக மாறி, பன்னாட்டு நிறுவனங்களின் கிளைகள் வழியாக ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வந்து சேர்ந்தது. அதனால் யார் யாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலும் அங்கே போட்ட பட்டியல்தான். 2025 ஜனவரியில் ட்ரம்ப் பதவியேற்றதும் அமெரிக்க அரசுத் துறைகளில் இந்தத் திட்டங்களை நிறுத்தச் சொல்லி ஆணை போட்டார், பல நிறுவனங்களும் அவசரமாகச் சுருட்டிக்கொண்டன. அதைக் கேட்டு இங்கே சிலர் "அங்கேயே எடுத்துட்டாங்க, இனி இங்கயும் இருக்காது" என்கிறார்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019, இவை எல்லாம் இந்திய நாடாளுமன்றம் போட்ட சட்டங்கள். வாஷிங்டனில் யார் கையெழுத்துப் போட்டாலும் பத்துப் பேர் இருக்கிற பெங்களூரு ஆபீஸில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள் புகார் குழு இருந்தே ஆக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் சொல்வதற்கும் ஆபீஸ் செய்வதற்கும் உள்ள தூரம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 1995இன் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள், 2016இல் அது 21 ஆனது. அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு. தனியாருக்கு ஒதுக்கீடு இல்லை, ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எழுதியும் விடுகிறார்கள், ரேம்ப் கட்டி ஃபோட்டோவும் எடுத்துவிடுகிறார்கள். பார்வையற்ற நண்பர் ஒருவர் வேலை செய்கிற இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்து எங்களைவிட வேகமாக மெயில் படிப்பார், கோட் எழுதுவார். அவருக்குச் சிக்கல் கோடில் இல்லை, பேஸ்லிப்பில். அதை ஸ்கேன் செய்த படமாகப் பிடிஎஃப்பில் போடுகிறார்கள், ரீடருக்கு அது வெற்றுப் பக்கம். தன் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் பக்கத்து சீட்காரரிடம் கேட்க வேண்டும். லீவ் போர்ட்டலில் கேப்சா, படத்தில் தெரிகிற எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்வது. டீமின் எக்ஸெல் ஷீட்டில் முடியாத வேலைக்குச் சிவப்பு, முடிந்ததற்குப் பச்சை, எழுத்தில் ஒன்றும் இருக்காது. சரிசெய்ய ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், பக்கத்துக் கட்டத்தில் "பெண்டிங்" என்று தட்டினால் போதும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஷீட் போட்டவருக்கு அவர் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். தேவைக்கேற்ப மாற்றம் செய்துகொடுப்பது சலுகை கிடையாது, சமத்துவத்தின் பகுதி என்று 2021இல் யுபிஎஸ்சி தேர்வுக்கு எழுத்தர் கேட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது.

இனி சாதி. அமெரிக்காவிலிருந்து வந்த பட்டியலில் இது கிடையாது, நம் ஆபீஸ்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. பங்குச் சந்தையில் இருக்கிற முதல் 1000 நிறுவனங்கள், சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு வருடாவருடம் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று கேட்கிறார்கள். ஊழியர்களின் சாதிக்கு அதில் கட்டம் கிடையாது. எண்ணாதது இல்லாதது ஆகிவிடாது. 2007இல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரை 1 என்று வைத்தால், அழைப்பு வருகிற வாய்ப்பு தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இன்னொரு ஆய்வு 2012இல் வந்தது, ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்ததில் சுமார் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

தமிழர்களான நாம் இதில் கொஞ்சம் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், பேருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே. பெங்களூரு ஆபீஸில் ஃபார்ம் நிரப்பும்போது சர்நேம் கட்டத்தில் அப்பா பேரைப் போட்டுவிட்டு, வடக்கத்தி சகாவுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று விளக்கம் சொல்லும்போது ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. ஆனால் அதே ஆபீஸின் கேன்டீனில் இரண்டு தமிழர்கள் முதல்முறை சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும்?

"நீங்க எந்த ஊரு?"

"திருநெல்வேலி சார்."

"டவுனா?"

"இல்ல, பக்கத்துல கிராமம்."

"எந்தக் கிராமம்? ஓ, தெரியுமே. அங்க எந்தத் தெரு?"

தெருவில் வந்து நிற்கும். தெரு தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். கேட்பவருக்குச் சாதாரண விசாரிப்பு, பதில் சொல்பவருக்கு எந்த இடத்தில் பேச்சை மாற்றுவது என்ற கணக்கு. சிலர் முன்கூட்டியே பக்கத்து டவுன் பேரைச் சொல்லிப் பழகிவிடுகிறார்கள். தெரு கிடைக்காவிட்டால் "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா", "கவுன்சிலிங்ல எவ்ளோ கட்-ஆஃப்" என்று வேறு வழிகள் இருக்கின்றன. 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின்மீது போட்ட வழக்கில் புகார் இதே போன்றதுதான்: ஒரு தலித் பொறியாளரின் சாதியை உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்லி, அவரை ஒதுக்கினார்கள் என்பது. இரண்டு மேலாளர்கள்மீதான பகுதியை 2023இல் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின்மீதானது தொடர்ந்தது. அதே 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்தது. வேடிக்கையாக இருக்கிறது, சியாட்டிலில் சாதி என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது, நம் ஊர் கம்பெனிகளின் டைவர்சிட்டி பாலிசியில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. பாலியல் துன்புறுத்தலுக்கு இருப்பது போல ஒரு குழு இதற்கும் வேண்டும் என்று தனியார் நிறுவனங்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் தெருவைக் கேட்டவர்மேல் எங்கே போய்ப் புகார் சொல்வது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது.

மொழி விஷயத்தில் நாம் இரண்டு பக்கமும் நிற்கிறோம். பெங்களூருவில் தமிழன் வெளியூர்க்காரன், 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் என்ற மசோதாவுக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, தொழில் துறை எதிர்த்ததும் நிறுத்திவைத்தபோது அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழர்கள்கூட நாம் இதில் உள்ளூரா வெளியூரா என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஆறு பேர் டீமில் நாலு பேர் தமிழர் என்றால் கதை தலைகீழ். மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும், முடிவு டீக்கடையில் தமிழில் நடக்கும், குவாஹாட்டியில் இருந்து வந்த பெண்ணுக்கும் ஹாசனில் இருந்து வந்த பையனுக்கும் அது அடுத்த நாள் மெயிலில்தான் தெரியும். தாய்மொழியில் பேசுவது தப்பே இல்லை, யாரும் அதை விட வேண்டியதும் இல்லை. வேலையைப் பற்றிய முடிவை மட்டும் எல்லோருக்கும் புரிகிற மொழியில் எடுக்கலாம். கூடவே நாலு வார்த்தை கன்னடமும் கற்றுக்கொள்ளலாம், இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்றதற்கு.

பால்புதுமையினர் பற்றிய பேச்சு ஒருபால் உறவைக் குற்றமாக வைத்திருந்த 377ஆம் பிரிவு குறித்த 2018 தீர்ப்புக்குப் பிறகு வெளிப்படையாகவே நடக்கிறது, ஜூன் மாதம் வானவில் பேட்ஜ் எல்லாம் கிடைக்கும். அதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ் ஃபார்மில் துணைவர் என்று யாரைச் சேர்க்கலாம், பெயரும் பாலும் மாறினால் சம்பள சிஸ்டத்தில் மாற்ற எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது. அரசு வேலையில் திருநருக்கு 1 சதவீதம் ஒதுக்கி 2021இல் முதலில் விதி போட்டது இதே கர்நாடகம்.

அப்புறம் எந்தக் கணக்கிலும் வராத ஒரு கூட்டம் அதே கட்டடத்தில் இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, பேன்ட்ரி. பல டெக் பார்க்குகளில் அவர்களுக்குச் சர்வீஸ் லிஃப்ட், சாப்பிட பேஸ்மென்ட். நாள் முழுக்கக் கழிப்பறை கழுவுகிற அக்காவின் சாதி என்னவென்று ஒருவரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஏஜென்சி ஆள் என்பதால் டைவர்சிட்டி சதவீதத்தில் அவர் இல்லை, மகளிர் தின விருந்தில் இலை போடுவார், உட்கார மாட்டார். பாலியல் துன்புறுத்தல் சட்டத்தைப் பொறுத்தவரை ஒப்பந்தத் தொழிலாளியும் ஊழியர்தான், அதே உள் புகார் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் குழுவின் பெயர்ப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் எட்டாவது மாடியில் தொங்குகிறது.

பன்முகத்தன்மை இருந்தால் லாபம் கூடும் என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. லாபம் கூடவில்லை என்று நாளைக்கு ஓர் ஆய்வு வந்தால் ரேம்பை இடித்துவிடலாமா? ஒருவரை ஒதுக்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு சம்பாதித்துக் கொடுப்பார் என்ற கணக்கு எதற்கு?

வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனம் என்றால் அதன் பிஆர்எஸ்ஆர் அறிக்கையை நெட்டில் எடுங்கள். முகப்பில் இருக்கும் பெண்கள் சதவீதத்தைத் தாண்டி, அறிக்கை கோட்பாடு கோட்பாடாகப் பிரிந்திருக்கும் பகுதியில், மூன்றாவது கோட்பாட்டின் கீழ் ஓர் அட்டவணை இருக்கும்: பிள்ளைப்பேறு விடுப்பில் போனவர்களில் எத்தனை சதவீதம் திரும்ப வந்தார்கள், வந்து 12 மாதம் கழித்தும் எத்தனை சதவீதம் வேலையில் இருந்தார்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால், திரும்பி வந்தவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று விசாரியுங்கள். ஐந்தாவது கோட்பாட்டில் ஆண், பெண் சம்பளத்தின் இடைநிலை எண் (மீடியன்) இருக்கும், அதையும் பாருங்கள். பெங்களூருவில் இருக்கிற அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் கிளைகள் பெரும்பாலும் இங்கே பட்டியலிடப்படாதவை, இந்த அறிக்கை கிடைக்காது. அங்கே ஹெச்ஆரிடம் கேட்டால் போஸ்டரில் இருப்பதையே சொல்வார்கள், அதனால் விடுப்பு முடிந்து திரும்பி வந்து ஒரு வருஷம் ஆன ஓர் ஊழியரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து, பழைய டீமையே கொடுத்தார்களா, அந்த வருஷ ரேட்டிங் என்ன வந்தது என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.